அண்ணிக்குப் போட்ட பஞ்சாரம்

எங்கள் நடவு செட்டில் ஒரு விளையாட்டு உண்டு. பஞ்சாரம் போடுவது என்று அதற்குப் பெயர். வயலில் எல்லாரும் ஒரே வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்வோம். ஒருத்திக்குக் கை தேங்கினால் அவள் மட்டும் முன்னால் தனியாக நிற்பாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நடுகிறவர்கள் சத்தம் காட்டாமல் அவள் முதுகுக்குப் பின்னால் சேர்த்து நட்டு மூடிவிடுவார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தால் நாலு பக்கமும் நாற்று, நடுவில் பஞ்சாரக் கூடை கவிழ்த்து மூடிய கோழி மாதிரி அவள். மிச்சம் கிடக்கும் சேற்றைத் தனியாக நட்டு முடித்து, ஒரு நாற்றும் மிதிபடாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்து வெளியே வரவேண்டும். அதுவரைக்கும் நாங்கள் கேலி பேசுவோம், குலவை போடுவோம். இடுப்பு ஒடிகிற வேலையில் சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

செட்டு என் பெயரில்தான் ஓடுகிறது. அம்சம் செட்டு என்றால் நன்னிலத்திலிருந்து வலங்கைமான் வரைக்கும் வயல்காரர்களுக்குத் தெரியும். ஆள் சேர்ப்பது, வயல் பேசுவது, குட்டியானை வண்டிக்குச் சொல்லி வைப்பது, யார் எங்கே நிற்பது என்று சொல்வது எல்லாம் நான்தான். எங்களுக்கு நாள் கணக்கு கிடையாது. வயலை மொத்தமாகப் பேசி எடுப்போம். முடித்தால் அடுத்த வயல். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். வாய் இல்லாமல் இத்தனை பொம்பளைகளைக் கட்டி மேய்க்க முடியுமா? பேசுகிறவர்கள் ஒரு நாள் வந்து மேய்த்துப் பார்க்கட்டும்.

கண்ணாத்தாள் என் அண்ணன் இராஜாங்கத்தின் பெண்டாட்டி. செட்டிலேயே வேகமான கை அவளுடையது. இடது கையில் பிடியளவு கட்டிய நாற்று முடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிரித்துப் பிரித்து அவள் ஊன்றும் வேகத்துக்குப் பக்கத்து வரிசைக்காரிக்கு மூச்சு வாங்கும். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவளுக்குப் பஞ்சாரம் விழுந்ததில்லை. மற்றவர்களுக்குப் போடுவதில் மட்டும் முதல் ஆள். எனக்கே போட்டிருக்கிறாள். "செட்டுக்காரம்மா, உள்ள வசதியா இருக்கா? முட்டை வச்சிட்டு வர்றியா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தவள் அவள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. அண்ணியிடம் எனக்குக் கோபம் நிற்காது.

இந்த வருஷம் மேட்டூர் தண்ணீர் ரொம்பத் தாமதமாக வந்தது. வந்ததையும் முறை வைத்து விட்டார்கள். சில நாள் வாய்க்காலில் ஓடும், பிறகு அடைத்துவிடுவார்கள். நாற்றங்காலில் நாற்று முற்றிக் கிடந்தது. தண்ணீர் இருக்கிற நாளுக்குள் நட்டுவிட வேண்டும் என்று எல்லா வயல்காரர்களும் ஒரே நேரத்தில் என் போனைத்தான் அடித்தார்கள். நான் ஒருத்தருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. கோழி கூவுமுன் வண்டியேறுவோம், இருட்டின பிறகு வீடு திரும்புவோம். ஒரு நாளைக்கு இரண்டு வயல், சில நாள் மூன்று. இப்படியே வாரக்கணக்கில் ஓடியது.

எங்கள் அப்பா ஐயாவு இதைப் பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். அவர் காலத்தில் பண்ணையின் காரியக்காரர் விசில் ஊதினால் இறங்க வேண்டும், அவர் மனசு வைத்தால்தான் கரையேறலாம். கரையேறுவதற்கு ஒரு நேரம் வேண்டும் என்று செங்கொடியைப் பிடித்துக்கொண்டு கேட்டதற்குத்தான் அப்பாவை அடித்தார்கள், உள்ளே வைத்தார்கள். பிறகு கழக ஆட்சி வந்து, தாலுக்கா ஆபீசில் மிராசுதாரர்களும் சங்கத்துக்காரர்களும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசி ஒரு நேரம் முடிவானது. பொழுது சாயும் முன்பு அப்பா கரையேறி வீட்டுக்கு வந்த முதல் நாள் எங்கள் தெருவே வெடி போட்டதாம். அந்த நேரத்தை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. வயலை மொத்தமாகப் பேசி எடுக்கிறோம் என்று நாங்களே விட்டுவிட்டோம். விசில் இப்போது என் வாயில் இருக்கிறது.

அண்ணிக்குப் பிரஷர் உண்டு. எங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் அதற்கு மாத்திரை கொடுப்பார்கள். மாத்திரை தீர்ந்துபோனது என்று அவள் என்னிடம் சொல்லத்தான் செய்தாள்.

"ஏ அம்சம், செவ்வாக்கெழம ஒரு நாள் விடேன். மாத்திரை வாங்கிட்டு மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்."

"மத்தியானம் வந்து என்ன பண்ணுவ? கஞ்சி குடிக்கவா? ஒரு ஆளு கொறஞ்சா வரிசையே ஓட்டையாயிடும் அண்ணி. ஒனக்கு விட்டா நாளைக்கு ராசம்மா கேப்பா, நாளன்னிக்கு இன்னொருத்தி கேப்பா. இந்த மொற முடியட்டும்."

"சரி விடு" என்றாள். அடுத்த செவ்வாயும் அப்படியே போனது. அப்போது அவள் கேட்கக்கூட இல்லை. ஒரு நாள் வராதவளுக்குப் பதில் வேறு ஆளைச் சேர்த்தால், அந்த வாரம் முழுக்க அந்த இடம் புது ஆளுக்குத்தான் என்பது நான் போட்ட சட்டம். அண்ணன் பெண்டாட்டி என்றால் மட்டும் சட்டம் வளையாது என்று நான் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்குத் தியாகேசன் வயல். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடுகிறவர். நல்ல மனிதர்தான், ஆனால் வாய்க்கால் அடைக்கப் போகிறார்கள் என்றால் யார்தான் நல்ல மனிதராக இருக்க முடியும்? முதல் நாளே மூன்று தடவை போன் பண்ணிவிட்டார். வண்டியில் போகும்போதே அண்ணி இடது கையை உதறிக்கொண்டு வந்தாள்.

"என்னமோ கை மரத்துக்கிட்டே போவுது அம்சம். தலையும் கிறுகிறுன்னு இருக்கு."

"தெனம் சேத்துல கை வச்சா மரக்காம என்ன பண்ணும்? எனக்கும்தான் மரக்குது. வெத்தலை போடு, சரியாயிடும்."

அவள் வெற்றிலை போடவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

வயலில் இறங்கிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவள் கையிலிருந்து நாற்று முடி நழுவிச் சேற்றில் விழுந்தது. எடுத்தாள். மறுபடி விழுந்தது. "அண்ணிக்குக் கல்யாண ஆச வந்துடுச்சு, கை நடுங்குது" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். அவள் முடியை முழங்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நட்டாள். வரிசை கோணலாகப் போனது. நாங்கள் பின்னால் நகர நகர அவள் முன்னாலேயே நின்றாள். எனக்கு எரிச்சல் ஏறியது. இன்னொரு வயல் காத்திருக்கிறது, இவள் என்னடா என்றால் ஆடி அசைகிறாள்.

அவளுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் ராசம்மாள். நான் ராசம்மாளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். ராசம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எத்தனை வருஷத்துப் பாக்கி! இரண்டு பேரும் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் சேர்த்து நட்டு மூடிவிட்டோம்.

"கோழியப் புடிச்சாச்சுடி!" என்று கத்தினேன். செட்டே குலவை போட்டது. கரையில் நின்ற தியாகேசன்கூடச் சிரித்தார்.

அண்ணி நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள். அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. தோற்றுப்போன வெட்கத்தில் கோணலாகச் சிரிக்கிறாள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

"என்னா அண்ணி, சிரிப்பு வேண்டிக்கிடக்கா? நட்டுட்டு வெளிய வா."

அவள் ஏதோ சொன்னாள். குழறலாக இருந்தது. வாயில் வெற்றிலை என்று நினைத்துக்கொண்டேன். வெற்றிலை போடவில்லை என்பது எனக்கல்லவா தெரியும்! அப்போது அது ஞாபகத்துக்கு வரவே இல்லை. அவள் ஒரு கையாலேயே நாலு நாற்றைக் குத்தினாள். பிறகு இடது காலை இழுத்துக்கொண்டு, நட்ட நாற்றையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள். நாற்றை மிதித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு தெரியலயா ஒனக்கு? மிதிச்சதெல்லாம் யாரு நடுவா? இஷ்டமில்லன்னா கரையேறி ஒக்காரு. ஒன் பங்கையும் நாங்களே நட்டுக்கறோம்."

அவள் கரையேறிப் பூவரச மரத்தடியில் உட்கார்ந்தாள். அவளைப் பார்க்க வைத்து நடவேண்டும் என்று நானே அவள் வரிசையையும் சேர்த்து நட்டேன். பத்து மணிக்கு டீ வந்தது. ராசம்மாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "டம்ளர வாங்க மாட்டேங்குது. மடியிலயே கொட்டிக்கிச்சு. ஒம்மேல ரொம்பக் கோவமா இருக்கு போல" என்றாள்.

"இருக்கட்டும். பசிச்சா கோவம் போயிடும்" என்றேன். அண்ணி பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கோபமாக இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்! எழுந்து பத்து எட்டு வைத்தால் அவள் இருந்தாள். அத்தனை நேரமும் அவள் அங்கேதான் இருந்தாள்.

மத்தியானச் சோற்றுக்குக் கரையேறியபோதுதான் அவள் மரத்தில் சாய்ந்திருக்கும் விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. தூக்குவாளியைத் திறந்து ஒரு கவளம் அள்ளி நானே ஊட்டினேன். சமாதானம் செய்கிறேனாம். சோறு ஒரு பக்கமாக வழிந்து அவள் மாரில் விழுந்தது. முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். கண்ணும் கன்னமும் உதடும் ஒரு பக்கம் தொங்கிக் கிடந்தன. இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். விட்டதும் பொத்தென்று விழுந்தது. காலையில் அவள் சிரிக்கவே இல்லை என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது.

"அய்யோ அண்ணி! அய்யோ, என்னைப் பாரேன்!"

அவள் பார்த்தாள். எல்லாம் புரிந்துதான் பார்த்தாள். தியாகேசன் நூற்றியெட்டுக்குப் போன் போட்டார். ஒருத்தி தண்ணீர் தெளித்தாள், ஒருத்தி சோடா வாங்க ஓடினாள், இன்னொருத்தி காத்து கறுப்பு பட்டிருக்கும் என்று வேப்பிலை ஒடித்து வந்தாள். அண்ணன் கேட்பான், ஊர் கேட்கும். ராசம்மாளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனேன்.

"யாரு கேட்டாலும் சோறு திங்கறப்பதான் இப்படி ஆச்சுன்னு சொல்லணும். காலயில நடந்தத வெளிய விடாதீங்கடி."

ராசம்மாள் என் முகத்தையே பார்த்தாள். அவளும்தானே சேர்ந்து மூடினாள். தலையை ஆட்டினாள்.

திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரியில் இறங்கியதும் நஃபீசா என்று ஒரு டாக்டரம்மா ஓடி வந்தார். சின்ன வயசுதான். அண்ணியின் கண்ணில் டார்ச் அடித்தார், கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் காலையிலேயே பார்த்துவிட்டேன்.

"எப்ப ஆரம்பிச்சதும்மா? கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"இப்பத்தாங்க. மத்தியானம் சோறு திங்கறப்ப."

"அதுக்கு முன்னாடி நல்லா இருந்தாங்களா? வேலை செஞ்சாங்களா?"

"நல்லா நட்டுக்கிட்டுத்தாங்க இருந்துச்சு."

பொய் என் வாயிலிருந்து எவ்வளவு சுளுவாக வந்தது! டாக்டரம்மா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததையும் பார்த்தேன். "நேரத்தோட வந்துட்டீங்க. ஸ்கேன் எடுங்க, சீக்கிரம்" என்று ஆளை விரட்டினார். ஏதோ நல்லது நடக்கப்போகிறது, நான் சொன்ன பொய்யால் கெடுதல் ஒன்றுமில்லை என்று எனக்குள் ஒரு தைரியம்கூட வந்தது.

ஸ்கேன் அறை வாசலில் நிற்கும்போது தியாகேசன் போன் பண்ணினார். அண்ணி எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். பிறகு தயங்கித் தயங்கி, "தப்பா நெனக்காத அம்சம். அந்தக் கீழ வயல் மட்டும் பாக்கி. நாளைக்கு வாய்க்காலை அடைக்கிறானுங்க" என்றார்.

"முடிச்சுடலாங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. உள்ளே அண்ணி மெஷினுக்குள் படுத்துக் கிடக்கிறாள், வெளியே என் வாய் வயல் பேசுகிறது. போனை அணைத்து இடுப்பில் செருகினேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை.

அண்ணன் அதற்குள் வந்துவிட்டான். ரேஷன் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே பஸ் ஏறியிருக்கிறான், தலையெல்லாம் சாக்குத் தூசி. ஸ்கேன் முடிந்து வெளியே வந்த அண்ணியின் பக்கத்தில் போய் நின்று அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டான். "ஏ கண்ணு, நான் வந்துட்டேன்" என்றான். அண்ணிக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் ஒழுகியது. நான் சுவரோடு சுவராக நின்றேன்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தோடு வந்தார். நர்ஸ் ஒரு தட்டில் ஊசி மருந்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணே, நீங்க வீட்டுக்காரரா? மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல ரத்தம் கட்டிக்கிட்டு நிக்குது. அதக் கரைக்க ஊசி இருக்கு. நல்லபடியா வேலை செஞ்சா கை கால் திரும்ப வரலாம்."

"போடுங்க தாயி. இப்பவே போடுங்க."

"ஒரு விஷயம். இது நாலரை மணி நேரத்துக்குள்ள போடவேண்டிய ஊசி. நேரம் தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிரே போயிடலாம். அதனாலதான் மறுபடி கேக்கறேன்." என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கூட இருந்தவங்க? மத்தியானம்தான் ஆரம்பிச்சது, நிச்சயமா?"

காலையில் நாற்று முடி முதலில் விழுந்தபோது பள்ளிக்கூட வேன்கூட ரோட்டில் வரவில்லை. ஊசி போட்டால் அண்ணி செத்துப்போகலாம். உண்மையைச் சொன்னால் ஊசி கிடையாது. அதோடு அண்ணன் என்னை இனிமேல் எப்படிப் பார்ப்பான்? நான் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. எத்தனை பேரை அதட்டிய வாய்!

டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அண்ணியிடம் குனிந்து, "உங்களுக்குப் புரியுதாம்மா? எப்ப கை விழுந்துச்சு? காலையிலயா, மத்தியானமா?" என்று கேட்டார்.

அண்ணி டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என்னைத் தேடிப் பார்த்தாள். நான் சொன்ன பொய் அவள் காதில் விழுந்திருக்கிறது. அண்ணன் இருப்பதும் அவளுக்குத் தெரிகிறது. தொங்கின உதட்டை இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளினாள்.

"இ... இப்ப... தா... மத்யா..."

அடிப்பாவி! எனக்காக! அண்ணன் என்னைத் திட்டக்கூடாது என்று, சாகிற ஊசியைப் போட்டுக்கொள்ளக் கையை நீட்டுகிறாள்!

"பொய்!" என்று கத்திவிட்டேன். "அண்ணி சொல்றது பொய்ங்க! நான் சொன்னதும் பொய்தான். காலயில, வயல்ல எறங்கின கொஞ்ச நேரத்துலயே கை வுழுந்துடுச்சு. வாய் கோணிச்சு. பேச்சு கொளறுச்சு. நான்தாங்க... நாங்க சிரிச்சோம். கரையில ஒக்கார வச்சிட்டு மத்தியானம் வரைக்கும் நட்டோம். ஊசி போடாதீங்க. தயவு செஞ்சு போடாதீங்க."

டாக்டரம்மா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு நர்ஸிடம், "எடுத்துட்டுப் போங்க சிஸ்டர்" என்றார். தட்டு வெளியே போனது. அண்ணன் கண்ணும் அந்தத் தட்டோடேயே வாசல் வரைக்கும் போனது.

"காலயில வந்திருந்தா?" என்று கேட்டான் அண்ணன்.

"போட்டிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "இனி மாத்திரை மருந்துதான். உயிருக்கு என்னாலானதப் பாக்கறேன். கை கால் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

அண்ணன் என் பக்கம் திரும்பினான். நடவு வீட்டில் பிறந்தவன், எங்கள் விளையாட்டெல்லாம் தெரிந்தவன்.

"பஞ்சாரமா?"

"ஆமாண்ணே."

அவன் அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தினமும் எவ்வளவு நேரம் வேலை என்று விசாரித்தார். விடியுமுன் கிளம்பி இருட்டித் திரும்புவதைச் சொன்னேன். எத்தனை நாளாக என்றார். தண்ணீர் வந்ததிலிருந்து என்றேன். லீவு உண்டா என்றார். இல்லை என்றேன். மாத்திரை ஏன் நின்றது என்று கேட்டதற்கு, "நான் விடலைங்க" என்றேன்.

"பிரஷர் இருக்கறவங்கன்னு இல்ல, யாரா இருந்தாலும் இப்படி வாரக்கணக்கா ஓய்வில்லாம உழைச்சா பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பு கூடிக்கிட்டே போகும்மா. மாத்திரையையும் நிறுத்திட்டீங்க. ஒடம்பு எவ்வளவுதான் தாங்கும்?"

அவர் திட்டியிருக்கலாம். திட்டாமல் கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அடக்கிக்கொண்டேன். வெளியே வந்து தியாகேசனைக் கூப்பிட்டு, வேறு செட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர், "சரிம்மா, கண்ணாத்தாளப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் சொல்ல முடியாது என்று நினைத்த ஒரு வார்த்தை, சொல்லி முடிக்க ஒரு மூச்சுக்கூட ஆகவில்லை.

அண்ணி பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் பொது வார்டுக்கு மாற்றினார்கள். இடது கையும் காலும் கட்டை மாதிரி கிடந்தன. நான் வீட்டுக்கே போகவில்லை. கஞ்சி ஊட்டினேன், துணி மாற்றினேன், தலை வாரிவிட்டேன். அண்ணன் என்னோடு பேசவில்லை, ஆனால் போ என்றும் சொல்லவில்லை. அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணிக்கு இனிமேல் எல்லாம் நான்தான், காலத்துக்கும் இப்படியே செய்து தீர்த்துவிடலாம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

கை கால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். அண்ணியின் இடது கையைத் தோள் வரைக்கும் மெதுவாகத் தூக்கினாள். அண்ணியின் நெற்றி நரம்பு புடைத்தது, வலது கை விரிப்பைப் பிறாண்டியது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அண்ணி முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு, "இல்ல" என்றாள்.

கையை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். "இப்ப?"

மறுபடி என்னைப் பார்த்தாள். "ஒண்ணு... மில்ல."

"வலி இருந்தா சொல்லணும்மா. சொன்னாத்தான் எவ்வளவு தூக்கலாம்னு எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தா தோள் பிசகிடும்" என்றாள் அந்தப் பெண். அண்ணி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கண்ணில் மட்டும் நீர் கோத்து நின்றது.

பயிற்சி முடிந்து அந்தப் பெண் போன பிறகு அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். என் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டான். குரலில் கோபமே இல்லை.

"நீ போ அம்சம். நீ இங்க இருக்கற வரைக்கும் வலிக்குதுன்னு அவ வாயத் தொறந்து சொல்ல மாட்டா."

நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் இல்லை என்பது போல அவசர அவசரமாகத் தலையை ஆட்டினாள், என்னை இருக்கச் சொல்லி வலது கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடிக்காமல் வெளியே வந்தேன். வராந்தாவில், அவள் கண்ணுக்குப் படாத ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்தேன். உள்ளே அண்ணன், "இப்பச் சொல்லு கண்ணு, வலிக்குதா?" என்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு அண்ணி வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.